ஜப்பான் குடைக்காரரும் பாலம் கேங்கும்

நவம்பர் 9, ஞாயிறு

விடிஞ்சதிலிருந்து மழை. துணி காயல. ஹாலில் கயிறு கட்டிப் போட்டாச்சு. வீட்டுக்காரர் குணாவோட சட்டை அவர் தலைக்கு மேலேயே தொங்குது, சொட்டுது. நகர்த்தச் சொல்லல. எதுவுமே சொல்லல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலா இப்படித்தான். சிங்கப்பூர் வேலை முடிஞ்சு பைக்ல திரும்பும்போது, உலு திராம் தாண்டி, எந்த லாரியிலிருந்தோ விழுந்து கிடந்த செம்பனைப் பழக்குலை மேல ஏறிச் சறுக்கிட்டாரு. இடது கால் முறிவு. உள்ளே இரும்புத் தகடு, வெளியே மாவுக்கட்டு. வருஷக் கடைசி வரைக்கும் எம்சி லீவு. உயிர் இருக்கே, அது போதும்னு பார்க்க வர்றவங்ககிட்ட எல்லாம் நான் சொல்றேன். அவரு கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காரு.

அத்தை சாஆ ஊரிலிருந்து வந்துட்டாங்க. மகனுக்கு ஆட்டுக்கால் சூப், நண்டு ரசம். எனக்குச் சமையல் வேலை மிச்சம். அதுக்கே மாமியாருக்குக் கோயில் கட்டலாம்.

ஆகவே ஜப்பான். மத்தியானம் கொஞ்ச நேரம் கிடைச்சது. புது ஜப்பான் கதை, "நனையாத குடை" தொடங்கியாச்சு. அகராதி பக்கம் அதிகம் போகல. பெருமையாத்தான் எழுதிக்கிறேன். யாரு பார்க்கப் போறா.

வாங்க: சாம்பார்த் தூள், அத்தைக்கு வெத்தலை, கு.வுக்குப் பால் பவுடர், குளியலறைக்கு வழுக்காத பாய் (மறக்காதே!!).

நவம்பர் 11, செவ்வாய்

கிளினிக்ல கூட்டமே இல்ல. மழைன்னா பல்வலி கூட வீட்டுலயே தங்கிடும் போல. கவுண்டர்ல நானும் ஐடா அக்காவும். அவங்களுக்குக் கொரியா டிராமா, எனக்கு ஜப்பான்.

அக்கா எட்டிப் பார்த்தாங்க. "அலமாக் சுமதி, இது எழுத்தா, பூச்சியா?"

குடைங்கிற எழுத்தைப் பெருசாக்கிக் காட்டினேன். மேலே கூரை. நடுவுல காம்பு. உள்ளே நாலு பேர் ஒண்டிக்கிட்டு நிக்கிற மாதிரி கோடுங்க. பார்த்த உடனே, "ஓ, பாயோங்!" சரியாச் சொல்லிட்டாங்க. குடைதான் அக்கா. அவங்களுக்கும் ஒரே சந்தோஷம், எனக்கும்.

நாலு வருஷம் முன்னாடி இதே நாற்காலியிலதான் ஆரம்பிச்சது. போன்ல ஒரு ஜப்பான் கதை. படம், குரல், எழுத்து மூணும் சேர்ந்து ஓடும், நடுநடுவே "நீ என்ன செய்வே?"ன்னு நம்மளையே கேட்கும். முதல் அத்தியாயம் மட்டும் யாரோ இங்கிலீஷ்ல போட்டிருந்தாங்க. மிச்சம் வரும் வரும்னு காத்திருந்தேன். வரல. சரி, நானே போறேன்னு கிளம்பினவதான்.

முதல் வருஷம் அழுகைதான். இங்கிலீஷ் புத்தகத்துல "தபேதே மிரு"ன்னு ஒண்ணு. ஒரு செயலைச் சோதனையாகச் செய்து அதன் விளைவை அறிதல், அது இதுன்னு பக்கம் பக்கமா விளக்கம். ஒண்ணும் ஏறல. அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில கு.கிட்ட நானே சொன்னேன்: "சாப்பிட்டுப் பாருங்க." தபேதே, சாப்பிட்டு. மிரு, பாரு. அதே வரிசை, அதே "பாரு". கரண்டியைக் கீழே வச்சுட்டேன். அன்னிக்கிலிருந்து இங்கிலீஷ் விளக்கத்தை விட்டுட்டு எல்லாத்தையும் தமிழ்ல போட்டுப் பார்க்கிறேன். பாதி ஜப்பான் ஏற்கெனவே என் வாயில இருந்திருக்கு.

பாய் வாங்க மறந்துட்டேன்.

நவம்பர் 15, சனி

அரை நாள் வேலை. மத்தியானம் மழை கொட்டி டிவி சிக்னல் போச்சு. கு. ரிமோட்டைத் தூக்கி சோபா மேல எறிஞ்சாரு.

அத்தை கிச்சன்லேருந்து: "ஏம்ப்பா, அதுவும் உடையணுமா?"

நான் மேசையில லேப்டாப் திறந்து குடைக் கதைக்குள்ள போயிட்டேன். சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு.

"என்ன அது? கார்ட்டூனா?"

"கதைங்க."

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

நாலு வருஷத்துல இதைக் கேட்டதே இல்ல. இருட்டோட கிளம்பி இருட்டோட வர்ற மனுஷன், கேட்க நேரம் ஏது. "உன் ஜப்பான்"னு மட்டும் சொல்வாரு, நான் வளர்க்கிற பூனையைச் சொல்ற மாதிரி.

சொன்னேன். ஒரு ரயில் நிலையம். பயணிங்க மறந்துட்டுப் போற சாமான் எல்லாம் வந்து சேர்ற கவுண்டர். அங்க வேலை பார்க்கிற பொண்ணு சிஸுரு. வியாழக்கிழமை ஆனா ஹகிவாரான்னு ஒரு பெரியவர் வருவாரு. கறுப்புக் குடை, மரக் கைப்பிடி, வந்திருக்கான்னு கேட்பாரு. இல்லைன்னா கும்பிட்டுட்டுப் போயிடுவாரு. ஆனா அவரு தொலைச்சதாச் சொல்ற நாளுல ஊர்ல மழையே இல்ல.

திரையில ஜப்பான், வாயில தமிழ். அப்படியே சொல்லிக்கிட்டே போறேன். எங்கேயும் நிற்கல. நிற்காம சொல்றேங்கிறதையே பிறகுதான் கவனிச்சேன்.

அப்போ திரையில மூணு கட்டம். குடை இல்லைன்னு சொல்லிடு. யாரும் கேட்டு வராத கறுப்புக் குடை ஒண்ணைக் குடுத்துடு. உள்ளே போய்ப் பார்த்துட்டு வா.

கு. எழுந்து உட்கார்ந்தாரு. "இதுல என்ன யோசனை? ஏதோ ஒரு குடையக் குடுத்து அனுப்பு. பாவம், எத்தனை வாட்டிதான் அலைவான்."

அமுக்கினேன். ஹகிவாரா குடையை வாங்கிக்கிட்டாரு. ரொம்ப நேரம் தலை குனிஞ்சு நின்னாரு. போயிட்டாரு. அடுத்த வியாழன் வரல. அதுக்கடுத்த வியாழனும் வரல. திரை கறுப்பு. கதை முடிஞ்சுது.

"என்னது, முடிஞ்சிருச்சா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"கெட்ட முடிவு. தப்பான வழியில போனா இப்படித்தான்."

"குடை குடுத்தது தப்பா?"

அத்தை கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னாங்க. "அடுத்தவன் குடையத் தூக்கிக் குடுத்தா விளங்குமா?"

கு. சிரிச்சாரு. வாய்விட்டு. ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவை. டிவி சிக்னல் வந்துடுச்சு, யாரும் திரும்பிப் பார்க்கல.

நவம்பர் 20, வியாழன்

வெயில். துணியெல்லாம் காஞ்சு மொறமொறன்னு.

இப்போ தினம் சாயங்காலம் இதுதான். நான் வேலை முடிஞ்சு வந்து குளிச்சு விளக்கு வச்சதும், கு. அக்குள்ல தோங்கட்டுக் கட்டையை ஊன்றி மேசைக்கே வந்துடுறாரு. அத்தை தன் சீரியலை விட்டுட்டு வர்றாங்க. இது சாதாரண விஷயம் இல்ல!

இப்போ சரியான வழியில போறோம். ஹகிவாரா கேட்கும்போதெல்லாம் சிஸுரு, இல்லைன்னு தெரிஞ்சும், "மிதே கிமாஸ்"னு சொல்லிட்டு உள்ளே போறா. பார்த்துட்டு வரேன். இங்கிலீஷ்ல இதுக்கு "செக்" பண்றேன்னு முடிச்சுடுவாங்க. வரேங்கிறது விழுந்துடும். தமிழ்ல விழல. கு.கிட்ட இதைச் சொன்னேன்.

"திரும்பி வருவேன்னு சொல்லிட்டுத்தான் போறா, இல்ல?"

ஆமாங்க. அதேதான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. புத்தகம் எழுதினவருக்கே இது விளங்கியிருக்குமா தெரியல.

அத்தைக்கு வேற கவலை. "அந்தப் பொண்ணு காலையிலேருந்து கவுண்டர்லயே நிக்குது. எப்பதான் சாப்பிடும்?"

அவங்க ரெண்டு பேரும் கேட்குற கேள்வியில நான் ரெண்டு மடங்கு கவனமாப் படிக்கிறேன். தனியாப் படிக்கும்போது தெரியாததை ஒரு மாதிரி தாண்டிப் போயிடுவேன். இங்க முடியாது. "என்ன, முழுங்கிட்டே?"ன்னு அத்தை கண்டுபிடிச்சுடுறாங்க.

நவம்பர் 23, ஞாயிறு

கோபம். எழுத்து கோணலா வருது.

காலையில கு. குளிக்கும்போது அவர் போன் விடாம சத்தம். பாலம் கேங். அது அவரோட சேர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க வாட்ஸ்அப் குழு. எல்லைப் பாலத்துல எங்க ஜாம், எந்த பாஸ்போர்ட் கவுண்டர் ஓடலன்னு சொல்லிக்க. ஞாயிறுல ஏன் இவ்வளவு சத்தம்னு எடுத்துப் பார்த்தேன்.

என் குரல். நான் கதை சொல்றது. நாலு பதிவு. தினம் ஒண்ணு போட்டிருக்காரு. கதை சொல்லும்போது மேசையில போனைக் கவுத்து வச்சிருந்தது இதுக்குத்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். மனுஷன் சிரிக்கிறாரு. "எல்லாரும் கேட்கிறாங்க சுமதி. நல்லா இருக்குங்கிறாங்க. நல்லதுதானே பண்ணேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்! அதுக்குத்தான் கேட்கணும்."

அத்தை முருங்கைக்கீரையை ஆய்ஞ்சுக்கிட்டு, தலை நிமிராம, "கேட்டிருக்கணும்ப்பா"ன்னாங்க.

என்னோடதுன்னு இருந்தது இது ஒண்ணுதான். வீடு ரெண்டு பேரோடது. சம்பளம் ரெண்டு பேரோடது. கிளினிக் டாக்டரோடது. ஜப்பான் மட்டும்தான் யாரும் வந்து உட்காராத நாற்காலி. அதுல முன்பின் தெரியாத ஆம்பளைங்க ஒரு கூட்டம் உட்கார்ந்துட்டாங்க. தப்பும் தவறுமா, இழுத்து இழுத்துச் சொன்ன கதை. "அது வந்து, அது வந்து"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

இன்னைக்குக் கதை இல்ல. யாருக்கும் இல்ல.

நவம்பர் 25, செவ்வாய்

கு. பேசல. நானும்.

ஐடா அக்காகிட்டச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான்: "அவங்க என்ன சொன்னாங்கன்னு பார்த்தியா, பார்க்கலையா?"

பார்க்கல.

மத்தியானம் கு.வுக்கு மெசேஜ் போட்டேன், அந்தக் குழுவில வந்ததை அனுப்புங்கன்னு. உடனே வந்தது, காத்துக்கிட்டே இருந்த மாதிரி. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"பைக் லேன் நகரல. குடைக்காரர் பார்ட் 2 யாராவது திரும்பப் போடுங்க."

"டேய் எனக்குத் தெரியும். அவரு அந்தப் பொண்ணோட அப்பா."

"அப்பா இல்லடா. உளவாளி."

"குணா, உன் வீட்டுக்காரம்மா டிவியில வேலை செஞ்சவங்களா?"

"ஜாமா இருந்தாலும் பரவால்ல இன்னைக்கு."

"மழையில நனைஞ்சுக்கிட்டே குடைக் கதை கேட்கிறோம் லா."

கடைசியில மணி அண்ணன். கு. விழுந்த அன்னைக்குப் பின்னால பைக்ல வந்தவரு அவர்தான். ஆம்புலன்ஸ்ல கூடவே ஏறி, நான் போய்ச் சேர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவரு. பெரிய மீசை, பெரிய தொண்டை. குழுவில அவர் போடுறதெல்லாம் திட்டுதான்: லாரிக்காரனை, கவுண்டரை, மழையை. அவரு எழுதியிருந்தது: "தங்கச்சி நிறுத்தி நிறுத்திச் சொல்லுது. அதான் புரியுது. அவசரப்படுத்தாதீங்கடா."

என் பதிவை இயர்போன்ல போட்டுக் கேட்டேன். என் குரலை நானே கேட்டது கிடையாது. "அது வந்து" நிறைய இருக்கு. ஆனா ஹகிவாரா பேசும்போது என் குரல் தானாவே மெதுவாகுது. சிஸுரு பேசும்போது நேராகுது. நான் அப்படிச் செய்யறேன்னு எனக்கே தெரியாது. நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இதை இங்க மட்டும் எழுதிக்கலாம்.

ஒரு நோயாளி வந்து ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காரு. கேட்கல.

நவம்பர் 26, புதன்

கு.வோட பேச்சுவார்த்தை முடிஞ்சது. நிபந்தனை: இனிமே பதிவு பண்றது நான். அனுப்புறதுக்கு முன்னாடி கேட்கிறது நான். வேண்டாம்னா வேண்டாம்.

"சரி மேடம்."

"மேடம் வேணாம்."

"சரி தங்கச்சி."

தலையணையை எறிஞ்சேன். நல்ல காலு பக்கமாத்தான்.

நவம்பர் 29, சனி

நானே பதிவு பண்ண முதல் பகுதி. ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு, ஜன்னலைச் சாத்திட்டு. வேர்த்து ஊத்துது. முன்னாடியே ஒரு தடவை படிச்சு, எங்க நிறுத்தணும்னு பார்த்து வச்சுக்கிட்டேன். "அது வந்து" கிட்டத்தட்ட இல்ல.

இந்த அத்தியாயத்துல சிஸுரு தன் மேலதிகாரிகிட்ட ஹகிவாராவைப் பத்திக் கேட்கிறா. அவரு ஒரே வரிதான் சொல்றாரு: "இனிமே வரமாட்டேன்னு சொன்னாரு." அங்க நிறுத்தினேன். பதிவைப் போட்டுக் காட்டினதும் கு. எழுந்தே நின்னுட்டாரு, ஒத்தைக் காலுல. "அய்யோ, இனிமே வரமாட்டாரா?"

அனுப்பினோம். குழுவே துக்க வீடு ஆயிடுச்சு. "வியாழக்கிழமை இனி எதுக்கு"ன்னு ஒருத்தர். எனக்குப் பெருமை தாங்கல. பாலத்துல ஆம்பளைங்களை அழ வச்சிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

அழ வச்சது தப்பாப் போச்சு.

அடுத்த அத்தியாயம் திறந்தா, வியாழக்கிழமை, ஹகிவாரா ஜம்முன்னு வந்து நிக்கிறாரு. அது எப்படி? திரும்பிப் போய் அந்த வரியைப் பார்த்தேன். "மோ கோநாய் தோ இத்தே இமாஷிதா." தோ, அதாவது நம்ம "ன்னு". இனிமே வரமாட்டேன்னு சொல்லியாச்சு. யாரு? எழுதல. ஜப்பான்ல ஆள் பேரை விட்டுடலாம். தமிழ்லயும் விடலாம், ஆனா தமிழ் வினை சும்மா விடாது. சொன்னான், சொன்னாள், சொன்னாருன்னு ஒரு வாலைக் கேட்கும். நான் "சொன்னாரு"ன்னு வாலை ஒட்டிட்டேன். சொன்னது அவரு இல்ல. அவரு மனைவி. சிஸுருவுக்கு முன்னாடி அதே கவுண்டர்ல வேலை பார்த்தவங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, கடைசி நாளு அதிகாரிகிட்ட அவங்க சொன்னது அது. வரவும் இல்ல. இறந்துட்டாங்க.

ஹகிவாரா குடைக்கு வரல. அந்தக் கவுண்டர்ல நின்னு யாராவது "பார்த்துட்டு வரேன்"னு சொல்றதைக் கேட்க வர்றாரு. அதனாலதான் குடையைக் குடுத்தா கதை முடிஞ்சு போகுது.

இதைப் புரிஞ்சுக்கிட்ட நிமிஷம் தப்பெல்லாம் மறந்து போச்சு. கவுண்டர்ல நின்னபடியே வாயைப் பொத்திக்கிட்டேன். நானும் கவுண்டர்க்காரிதானே. எத்தனை பேருகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பார்த்துட்டு வரேன்னு.

டிசம்பர் 4, வியாழன்

திருத்தம் சொல்லணும். கு.: "விடு. யாருக்குத் தெரியப் போகுது? அடுத்த பகுதியில மாத்திச் சொல்லிடு." எனக்குத் தெரியுமே. முடியாது.

பதிவு பண்ணேன்: "வணக்கம். குணா வீட்டுலேருந்து சுமதி பேசுறேன். போன பகுதியில ஒரு இடத்துல 'சொன்னாரு'ன்னு சொன்னேன். அது தப்பு. அங்க 'சொன்னாங்க'ன்னு வச்சுக்குங்க. ஏன்னு இப்போ சொல்றேன்." பிறகு கதை.

"சொன்னாங்க." இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க ஆச்சு. ஆணுக்கும் போடலாம், பெண்ணுக்கும் போடலாம், மரியாதையும் ஆச்சு. ஜப்பான்ல எழுதினவரு மறைச்ச மாதிரியே நானும் மறைச்சுக்கலாம். தினம் ஆயிரம் தடவை வாயில வர்ற சொல்லு. இனிமே ஜாக்கிரதையா "ங்க" போட்டே சொல்லுவேன்.

அத்தை திருத்தத்தைக் கேட்டுட்டு: "தப்புன்னு சொல்றதையும் நல்லா சொல்றியேம்மா." சாஆவுல அவங்க அக்காவுக்கு போன் போட்டு, "என் மருமக ஜப்பான் படிக்கிறா, படிச்சு படிச்சு தமிழ்ல சொல்றா"ன்னு ஒரே பேச்சு. ஜப்பான் எங்க இருக்குன்னு அந்தப் பெரியம்மா கேட்டிருக்கணும். "சிங்கப்பூருக்கு அந்தப் பக்கம்"னு பதில்.

குழுவில யாரும் கோவிச்சுக்கல. ஒருத்தர்: "அப்போ பொண்டாட்டியா! நான் நினைச்சேன்!" நினைச்சிருக்க மாட்டாரு.

டிசம்பர் 10, புதன்

கு.வுக்குத் தெரியாம முடிவைப் படிச்சுட்டேன். கிளினிக்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல. நாசி லெமாக் ஆறிப் போச்சு.

ஒரு வியாழக்கிழமை ஹகிவாரா வரல. சிஸுரு காத்திருக்கா. சாயங்காலம் ஆனதும், யாரும் கேட்காமலே, தானாவே "மிதே கிமாஸ்"னு சொல்லிட்டு உள்ளே போறா. இத்தனை நாளும் சும்மா போய் நின்னுட்டு வந்தவ, இந்தத் தடவை நிஜமாவே தேடுறா. எல்லா அலமாரியும். கடைசியில வேலையாளுங்க சாமான் வைக்கிற பெட்டி ஒண்ணு, பழசு. உள்ளே கறுப்புக் குடை. மரக் கைப்பிடி. அந்த அம்மா கடைசி நாளு விட்டுட்டுப் போனது. அவரு பொய்யே சொல்லல.

எடுத்துக்கிட்டு அவரு வீட்டுக்குப் போறா. கதவைத் திறக்கிறாரு. சிஸுருவைப் பார்க்கல. குடையைப் பார்த்து ஒரே சொல்லு: "ஓகாஎரி."

வீட்டு ஆளு வெளியே போய்த் திரும்பி வந்தா ஜப்பான்ல சொல்றது. தினம் சொல்றது. இங்கிலீஷ்ல "வெல்கம் ஹோம்"னு போடுவாங்க, ஏதோ ஹோட்டல் வாசல்ல சொல்ற மாதிரி. தமிழ்ல? நல்வரவு? சீ. வாங்க வாங்க? கல்யாண மண்டபம். யோசிச்சு யோசிச்சு ஒண்ணும் வரல. நாலு வருஷம் படிச்சு, கடைசிச் சொல்லுல வந்து மாட்டிக்கிட்டேன்.

கண்ணு சிவந்துடுச்சு. பல்லு புடுங்க வந்த ஆன்ட்டி, "ரொம்ப வலிக்குமாம்மா?"ன்னு பயந்துட்டாங்க.

டிசம்பர் 12, வெள்ளி

லீவு. கு.வை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே நல்லா இருக்கு. கட்டுப் பிரிச்சாச்சு. காலு குச்சியா, வெளுப்பா, யாரோடதோ மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா ஊன்றச் சொன்னாங்க. ஜனவரியில வேலைக்குப் போகலாம்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். உலு திராம் தாண்டினதும் அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கொஞ்ச தூரம் போய்ப் பேசினாரு.

"பைக் வேணாம் சுமதி. பஸ்ல போறேன். முன்னாடியே எழுந்திரிக்கணும், பரவால்ல."

"சரிங்க."

"அந்தச் சத்தம் இன்னும் கேட்குது. கண்ணை மூடினா கேட்குது."

இத்தனை நாளா இதைத்தான் கூரையில பார்த்துக்கிட்டுப் படுத்திருந்திருக்காரு. கியர்ல இருந்த கையை எடுத்து அவர் கை மேல வச்சேன். சிவப்பு விளக்கு வர்ற வரைக்கும் அப்படியே.

வீட்டுக்கு வந்தா அத்தை வாசல் கேட்டுக்கு உள்ளே நிக்கிறாங்க. எவ்வளவு நேரமா நிக்கிறாங்களோ. கு. ஒரே தோங்கட்டோட, ரெண்டு காலையும் தரையில வச்சு, காரிலேருந்து இறங்கி நடந்தாரு. அத்தை மேலும் கீழும் பார்த்தாங்க. தோங்கட்டைப் பார்த்தாங்க. காலைப் பார்த்தாங்க.

"வந்துட்டியாப்பா?"

அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேட்கல.

நான் கார் சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுட்டேன். வந்துட்டியா. வந்தாச்சுன்னு கண்ணெதிர்ல தெரியும், இருந்தாலும் கேட்போம். பதிலுக்காகக் கேட்கிறது இல்ல. கிடைச்சிருச்சு.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்னைக்குக் கடைசிப் பகுதி. முதல்ல மேசையில அவங்க ரெண்டு பேருக்கும். திரையில ஜப்பான், வாயில தமிழ். அகராதி மூடியே கிடந்தது. கதவு திறந்தது. ஹகிவாரா குடையைப் பார்த்தாரு. ஜப்பான்ல குரல் வந்தது, அதுக்குப் பிறகு நான் சொன்னேன்:

"வந்துட்டியா?"

அத்தை முந்தானையை எடுத்துக்கிட்டாங்க. தன் வாயிலேருந்து எடுத்ததுன்னு அவங்களுக்குத் தெரியல. நானும் சொல்லல.

கு. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. திரையை இல்ல, என்னை.

"இதை நீயேதான் படிச்சே?"

"நானேதான்."

"யாரும் சொல்லித் தராம?"

"யாரும் சொல்லித் தராம."

தலையை ஆட்டினாரு. ரொம்ப நேரம் ஆட்டிக்கிட்டே இருந்தாரு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரு என்னை இப்படிப் பார்த்ததா ஞாபகம் இல்ல. சேமிச்சு வைக்கிறேன், இந்தப் பக்கத்துல.

பிறகு ரூம்ல தனியாப் பதிவு. ஒரே தடவையில முடிச்சேன். கேட்டேன். ஒரு இடமும் மாத்த வேண்டியதில்ல. நாளைக்குக் காலையில, எல்லாரும் பாலத்துல இருக்கும்போது அனுப்பச் சொல்லிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

தூறல். கு. விடியக்காலையில அனுப்பிட்டாராம். நான் கிளினிக்ல இருந்து அவருக்கு மெசேஜ்: என்ன சொன்னாங்க?

ஒண்ணும் வரலன்னாரு. ஜாம் நிலவரம் கூட யாரும் போடலையாம்.

காலை முழுக்க ஒண்ணும் இல்ல. தப்பாச் சொல்லிட்டேனோ. கடைசியில அவசரப்பட்டுட்டேனோ. வந்துட்டியாங்கிறது ரொம்பச் சாதாரணமாப் போச்சோ. ரெண்டு நோயாளி பேரை மாத்திக் கூப்பிட்டேன். ஐடா அக்கா தேத்தண்ணி வாங்கி வந்து முன்னால வச்சாங்க.

மத்தியானம் கு. ஒரு குரல் பதிவை அனுப்பினாரு. மணி அண்ணன்கிட்டேருந்து. காலையிலேயே, குழுவில போடாம, தனியா அனுப்பியிருக்காரு, கு. இப்பதான் பார்த்தாராம்.

போட்டேன். பேச்சே இல்ல. பைக் இன்ஜின் நிறைய, ஹாரன், யாரோ தூரத்துல கத்துறது. பாலம்தான். லாரிக்காரனைத் திட்டப் போறாருன்னு நினைச்சேன். திட்டல. அந்தப் பெரிய தொண்டை ஒரு தடவை செருமிச்சு. திரும்பவும் செருமிச்சு. மூக்கை உறிஞ்சுற சத்தம். பதிவு அங்கேயே நின்னுடுச்சு.

ஐடா அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவங்களுக்குத் தமிழ் தெரியாது. கேட்டு முடிச்சு என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க.

திரும்பப் போட்டுக் கேட்டேன். டாக்டர் உள்ளேருந்து கூப்பிடுறாரு, அடுத்த நம்பர் எங்கேன்னு. கூப்பிடணும். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுட்டு.